பெற்றோல் வழியும் ஏ40 பிக்கப்: பழி காபுரேட்டருக்கு மட்டும்தானா?

கேள்வி: ஐயா, என் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 பிக்கப்பை இப்போது நான் ஓட்டுகிறேன். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இருந்து வாழைக்குலைகளை ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போய்வருவதுதான் அதன் வேலை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நிறுத்திய வண்டியைப் போன வருடம்தான் மறுபடி எடுத்தேன். பெற்றோல் பம்ப்புக்குள் அசையும் டயபிரம் என்ற தகடு கிழிந்திருந்ததால், உடைத்து விற்ற ஜப்பான் கார் ஒன்றின் மின்சாரப் பம்ப்பை மெக்கானிக் பூட்டித் தந்தார். பெற்றோல் கூடுதலாக வருகிறது என்று ஹோஸை ஒரு கிளிப்பால் நெரித்தும் விட்டார். சில நாட்களில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேட்டர் வழியத் தொடங்கியது. வீதியில் ஓடும்போது நன்றாக இழுக்கிறது. சந்தையில் என்ஜினை ஓடவிட்டபடி நின்றால் கறுப்புப் புகை, பெற்றோல் மணம், பிறகு தானாக நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் போனால்தான் மறுபடி ஸ்ரார்ட் ஆகும். காபுரேட்டர் தொட்டிக்குள் பெற்றோல் வரும் துவாரத்தை மூடும் நீடில் வால்வை இரண்டு தடவை மாற்றினோம். கடைசியில் கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இன்னொரு காபுரேட்டரே வாங்கிப் போட்டோம். அதுவும் வழிகிறது. ஜப்பான் காபுரேட்டர் ஒன்றைப் பொருத்தலாமா? அல்லது வண்டியை விற்றுவிட்டு, பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றை எடுப்பதா?

நீர்வேலி வாசகர்

பதில்: தம்பி, விற்பதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். கீழே சொல்லும் வேலைகள் முடியும்வரை, சோதனைக்காக நான் சொல்லும் இடத்தில் தவிர, அந்த வண்டியை ஸ்ரார்ட் செய்யாதீர்கள். காபுரேட்டரில் வழியும் பெற்றோல் நிலத்தில் மட்டும் சொட்டுவதில்லை. மனிபோல்ட் என்ற குழாய் வழியாக சிலிண்டர்களுக்குள் இறங்கி, சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி அடியில் இருக்கும் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் அளக்கும் கோலை இழுத்துப் பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றாலோ, கோலை முகர்ந்தால் பெற்றோல் மணம் வந்தாலோ அந்த ஒயில் போய்விட்டது என்று அர்த்தம். வழிவதை நிறுத்திய பிறகு ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். முதலில் மாற்றினால் புது ஒயிலும் அதே கதிதான். பெற்றோல் கலந்த ஒயிலோடு ஏ40 என்ஜினைத் தினமும் சந்தைக்கு ஓட்டினால் முதலில் தேய்வது பேரிங்குகள். அதன் செலவுக்கு முன்னால் நீங்கள் வாங்கிய காபுரேட்டரின் விலை ஒன்றுமே இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு சிலிண்டருக்குள் பெற்றோல் நிறைந்து நின்றால் அதை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்ரார்ட்டரைப் போட்டால் பிஸ்டனைத் தள்ளும் கொன்ரொட் தண்டு வளையும். ஆகவே நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, முன்னால் கைபிடியைச் செருகி இரண்டு மூன்று சுற்றுக் கையால் சுற்றுங்கள். பிளக் துவாரத்தால் பெற்றோல் பீச்சி வரலாம். அப்போது யாரும் முன்னால் குனிந்து பார்க்க வேண்டாம், இக்னிஷனும் பூட்டியே இருக்கட்டும். கழற்றிய பிளக்குகளைத் துடைப்பதற்கு முன் வரிசையாக வைத்து ஒரு தடவை பாருங்கள். நான்கும் ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் எரிபொருள் கூடியிருக்கிறது. ஒன்று மட்டும் ஈரமென்றால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகவில்லை. அது பிளக் வயரின் அல்லது டிஸ்றிபியூட்டர் மூடியின் குற்றம், காபுரேட்டருக்கு அதில் பங்கில்லை. எங்கள் கரையோரக் காற்றில் அந்த மூடிக்குள் பச்சை பூத்துக் கிடப்பது வழமை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். காபுரேட்டரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், பம்ப்பைப் பற்றி இரண்டே வரிதான். என் சந்தேகம் முழுவதும் அந்த இரண்டு வரிமேல்தான்.

ஏ40 வண்டியோடு வந்த ஏசி என்ற கம்பனியின் பம்ப், என்ஜினோடு சுழலும் கேம் தள்ளத் தள்ள அசையும் ஒரு டயபிரம் பம்ப். அது தரும் அழுத்தம் இரண்டு மூன்று பிஎஸ்ஐதான் (பிஎஸ்ஐ என்பது ரயர்க் காற்றையும் அளக்கும் அதே அழுத்த அலகு). காபுரேட்டர் தொட்டி நிரம்பி நீடில் மூடிக்கொண்டால் டயபிரம் கீழேயே தங்கி நின்றுவிடும், மேலும் தள்ளாது. ஜப்பான் கார் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அது காபுரேட்டர் இல்லாமல் பெற்றோலை அழுத்தத்தோடு பீச்சும் இன்ஜெக்ஷன் என்ஜின் கார் என்றால், அதன் தாங்கிக்குள் இருந்த பம்ப் 40 பிஎஸ்ஐ அளவில் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. உங்கள் ரயருக்கு அடிக்கும் காற்றைவிட அது அதிகம்.

இந்தக் கணக்கை மெக்கானிக்குக்கும் காட்டுங்கள். நீடில் அமரும் துவாரம் 2 மில்லிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 3 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெற்றோல் அந்த நீடிலைக் கீழே தள்ளும் விசை 7 கிராம் நிறை அளவு. 40 பிஎஸ்ஐயில் அதுவே 90 கிராமை நெருங்கும். நீடிலை மேலே தாங்கிப் பிடிப்பது ஒரு சின்னப் பித்தளைப் புளோட், அதாவது மிதவை. பெற்றோலில் மிதக்கும் பலத்தால் அது தள்ளக்கூடியது சில பத்துக் கிராம்கள்தான். நீங்கள் எத்தனை புது நீடில் போட்டாலும், பஞ்சிகாவத்தையில் இருக்கும் காபுரேட்டர் முழுவதையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பூட்டினாலும், அந்தப் புளோட்டால் அந்த அழுத்தத்தை மறிக்க முடியாது.

சரி, ஹோஸை நெரித்துவிட்டார்களே என்று கேட்பீர்கள். நெரித்த குழாய் ஓட்டத்தைக் குறைக்கும். ஓட்டம் நின்றபிறகு தேங்கும் அழுத்தத்தை அது குறைக்காது. நீடில் மூடியதும் பெற்றோல் போக இடமில்லை. கிளிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்ச நேரத்தில் ஒரே அழுத்தத்துக்கு வந்துவிடும், நீடில் திறந்துவிடும், வழியும். உங்கள் வண்டி ஏன் வீதியில் ஒழுங்காக ஓடிச் சந்தையில் மட்டும் மானத்தை வாங்குகிறது என்பதற்கும் இதுதான் காரணம். ஓடும்போது என்ஜின் குடிக்கும் பெற்றோல், நெரித்த குழாயால் வருவதற்குக் கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. நிற்கும்போது என்ஜின் சொற்பமாகத்தான் குடிக்கும். மிச்சம் எங்கே போவது?

இது ஊகம்தான். பம்ப்பைக் கழற்றி எறிவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம்.

மின்சாரப் பம்ப்பின் வயரைக் கழற்றி முனையில் ரேப் சுற்றிவிடுங்கள். காபுரேட்டருக்கு வரும் குழாயையும் கழற்றுங்கள். ஒரு சுத்தமான சிறிய பெற்றோல் கலனில் அரை லீற்றர் எடுத்து, கலனில் இருந்து பெற்றோலுக்கென்றே விற்கும் ஹோஸ் ஒன்றைக் காபுரேட்டருக்குப் பூட்டுங்கள். கலனைக் காபுரேட்டருக்கு மேலே ஓரடி இரண்டடி உயரத்தில், விழாதபடி கட்டுங்கள். ஒரு மீற்றர் உயரத்தில் நிற்கும் பெற்றோல் தரும் அழுத்தமே 1 பிஎஸ்ஐ அளவுதான். ஆகவே இது காபுரேட்டருக்கு மிக மெதுவான தீனி. என்ஜினைப் போடாமல் கால் மணித்தியாலம் விட்டு, எயார் கிளீனரைக் கழற்றி, ரோச் லைற்றால் காபுரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். சொட்டு இல்லையென்றால் ஸ்ரார்ட் செய்து பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையில் வழியாமல், பம்ப்பைப் பூட்டியதும் வழிந்தால் குற்றவாளி பம்ப். கலனில் இருந்து இறங்கும் பெற்றோலுக்கே வழிந்தால் காபுரேட்டரிலும் நோய் இருக்கிறது.

இதை வெளி முற்றத்தில், என்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். குசினிப் பக்கமோ கொட்டிலுக்குள்ளோ வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு தவழ்ந்து போய், எங்கோ எரியும் அடுப்பைக் கண்டுபிடித்துவிடும். சுருட்டோடு புதினம் பார்க்க வரும் பெரியவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்துங்கள். உலர்ந்த பவுடர் தீயணைப்பான் ஒன்று கையருகே இருக்கட்டும். பெற்றோல் தண்ணீரில் மிதந்து பரவும் என்பதால் வாளித் தண்ணீர் உதவாது. தாங்கியில் இருந்து பெற்றோல் எடுக்க வாயால் உறிஞ்சுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் சாதாரண இருமலோடு முடிகிற காரியம் இல்லை. இந்தக் கலனைக் கட்டிக்கொண்டு வீதியில் இறங்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு இந்தச் சோதனை வேடிக்கையாக இருக்கும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், குடாநாட்டின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை அவர் பார்த்திருப்பார். சின்னப் போத்தலில் வைத்திருந்த துளிப் பெற்றோலைக் கொடுத்து ஸ்ரார்ட் செய்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நான் அதைப் பெருமை பேசுவதற்காக இழுக்கவில்லை. அந்தக் காலம் உங்கள் காபுரேட்டருக்குள் இன்னும் மிச்சம் இருக்கக்கூடும்.

மண்ணெண்ணெய் பெற்றோலைவிட அடர்த்தி கூடியது. ஒரு லீற்றர் பெற்றோல் 740 கிராம் அளவில் இருந்தால் மண்ணெண்ணெய் 800 கிராமுக்குக் கிட்ட வரும். அடர்ந்த எண்ணெயில் புளோட் கூடுதலாக மேலே மிதக்கும், நீடிலை முன்கூட்டியே மூடிவிடும். இதைச் சரிக்கட்டப் புளோட்டின் கையை வளைத்தோ, நீடில் இருக்கைக்குக் கீழே இருந்த வோஷருக்குப் பதில் அதைவிட மெல்லியதைப் போட்டோ மட்டத்தை உயர்த்திய வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். பெற்றோலை அளந்து விடும் ஜெட் துவாரத்தைப் பெரிதாக்கியவர்களும் உண்டு. பிறகு பெற்றோல் தாராளமாக வந்தது, மாற்றியதைத் திருப்பி மாற்ற யாருக்கும் நினைவு வரவில்லை. அந்த அமைப்போடு பெற்றோலை விட்டால் புளோட் கூடுதலாக அமிழ்ந்து நிற்கும், மட்டம் இன்னும் மேலே ஏறும். சரியான பம்ப்பைப் பூட்டியும் லேசாக வழிகிறது என்றால் முதலில் இதைத்தான் தேடுவேன்.

அப்படித் தேடும்போது உங்கள் வண்டியின் செனித் கம்பனிக் காபுரேட்டரின் தொட்டியைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றித் தொட்டியை இறக்குங்கள். கிண்ணத்தின் அடியில் செம்மண் நிறத்தில் தூள் இருந்தால் அது தாங்கியின் துரு. வருடக்கணக்காக அரைத் தாங்கியோடு நின்ற வண்டியில் இது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு சின்னத் துருத்துகள் நீடிலின் நுனியில் சிக்கினால் போதும், வால்வு மூடாது. காபுரேட்டரைக் கழுவுவதோடு நிற்காமல் தாங்கியை இறக்கிக் கழுவி, பம்ப்புக்கு முன்னால் ஒரு பில்டரும் பூட்டுங்கள்.

அடுத்தது நீடில். கூம்பு நுனியைச் சுற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் தெரிகிற மெல்லிய வளையத் தடம் இருந்தால் அது தேய்ந்தது. நீடிலையும் அது அமரும் இருக்கையையும் சோடியாக மாற்ற வேண்டும். புது நீடிலைப் பழைய இருக்கையில் போடுவது காசுக்குக் கேடு. உங்களுக்கு இரண்டு தடவையும் நீடில் மட்டும்தான் மாற்றினார்களா என்று கேளுங்கள். வால்வ் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இருக்கைக்குக் கீழே வோஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால், நீடில் எவ்வளவு நன்றாக மூடினாலும் பெற்றோல் மரைவழியாகக் கசிந்து தொட்டிக்குள் இறங்கும். மட்டத்தைத் தீர்மானிப்பதும் அந்த வோஷரின் தடிப்புத்தான். தடிப்புக் கூடினால் நீடில் சீக்கிரம் மூடும், மட்டம் இறங்கும்.

புளோட்டைக் காதருகே பிடித்துக் குலுக்குங்கள். உள்ளே தளம்பினால் ஓட்டை. தெரியவில்லை என்றால் பெற்றோல் மணம் போகும்வரை காயவிட்டு, அடுப்பில் இருந்து இறக்கித் தூரக் கொண்டுவந்த சுடுநீரில் அமிழ்த்துங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். உள்ளே புகுந்த பெற்றோலை முழுவதும் வெளியேற்றாமல் அதன்மேல் சூடான சோல்டரிங் அயனை வைக்கவே கூடாது. ஒட்டும்போதும் ஈயத்தைத் தாராளமாக அப்பாதீர்கள். புளோட்டின் பாரம் கூடினால் அது தாழ்ந்து மிதக்கும், மட்டம் ஏறும், வழிவதை நிறுத்தப்போய் வழியவைத்த கதையாகும்.

ஆறிய என்ஜினை ஸ்ரார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் முழுதாகத் திறக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றாலும் கறுப்புப் புகை வரும்.

இனி அந்த அரை மணித்தியாலம். நிறுத்திய என்ஜினின் சூடு மேலே ஏறி, தொட்டியில் இருக்கும் பெற்றோலைக் கொதிக்கவைத்துத் தொண்டைக்குள் தள்ளுவதும் உண்டு. சித்திரை வெயிலில் நல்ல காபுரேட்டருக்கும் இது நேரும். காபுரேட்டருக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையில் சூடு தடுக்கும் தடித்த கட்டை இருக்க வேண்டும். யாரோ அதைக் கழற்றிவிட்டு வெறும் பேப்பர் காஸ்கற் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ரேடியேற்றரையும் சந்தேகப்படுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு கேத்தலில் மட்டும் படிவதில்லை. மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது நல்லது, கூலன்ட் இன்னும் நல்லது. சூட்டில் பெற்றோல் தேங்கிய என்ஜினை ஸ்ரார்ட் செய்யும்போது எக்சிலேற்றரை அமுக்கி அமுக்கி விடாதீர்கள். ஒவ்வொரு அமுக்குக்கும் உள்ளே இன்னும் பெற்றோல் பீச்சும். சோக்கை முழுதாக உள்ளே தள்ளி, எக்சிலேற்றரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி, பத்து விநாடிக்கு மேல் போகாமல் ஸ்ரார்ட்டரைப் போடுங்கள். காற்று நிறையப் போய் உள்ளே தேங்கியது வெளியேறும். என்ஜின் பிடித்ததும் காலைத் தளர்த்துங்கள்.

பம்ப்புக்கு என்ன செய்வது? என் தெரிவு பழைய ஏசி பம்ப்தான். மெக்கானிக் அதை எறியாமல் வைத்திருந்தால் வாங்கிவந்து புது டயபிரம் போடுங்கள். பெற்றோலைத் தாங்கும், துணி சேர்த்த செயற்கை றப்பர்த் தகட்டில் செய்த டயபிரமாக இருக்க வேண்டும். ரியூப் றப்பரை வெட்டிப் போட்டால் பெற்றோல் பட்டு ஊதிப்போய்விடும். அந்த டயபிரம் கிழிந்தால் பெற்றோல் நேராக என்ஜின் ஒயிலுக்குள்தான் இறங்கும் என்பதையும் கவனியுங்கள். முன்பு கிழிந்த பம்ப்போடு கொஞ்சநாள் ஓட்டியிருந்தீர்கள் என்றால் ஒயில் அப்போதே கெட்டிருக்கலாம்.

மின்சாரப் பம்ப்தான் வேண்டுமென்றால் காபுரேட்டர் வண்டிக்கென்று விற்கும், மூன்று பிஎஸ்ஐக்கு மேல் போகாத பம்ப்பாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் வண்டியின் பற்றரி எந்தப் பக்கம் உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். ஒஸ்ரின் ஏ40 வந்தபோது நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருந்தது. யாராவது இடையில் மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். முனை மாறினால் சில பம்ப்புகள் ஓடாது, சில கெட்டே போகும். இன்னுமொன்று: சாவி திருப்பியிருக்கும்வரை மின்சாரப் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், என்ஜின் நின்றதா ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. விபத்தில் ஹோஸ் அறுந்தாலும் நிற்காது. ஒயில் அழுத்தம் இல்லாவிட்டால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகள். ஜப்பான் காபுரேட்டர் வேண்டாம். என் ஊகம் சரியென்றால் இந்தப் பம்ப்போடு அதுவும் வழியும்; சரியான பம்ப்போடு, மேலே சொன்ன நோய்கள் இல்லையென்றால், உங்களுடையதே வழியாது. விற்றுவிட்டுப் பட்டா எடுப்பது உங்கள் வியாபாரக் கணக்கு. குலைகள் கூடி, கொடிகாமம் சாவகச்சேரி என்று ஓட்டம் நீண்டால் எடுங்கள். ஒரு பிழையான பம்ப்புக்காக எடுக்காதீர்கள், பெற்றோல் வழிகிற வண்டிக்கு வாங்குபவன் சொல்கிற விலையும் உங்களுக்குப் பிடிக்காது.

பஞ்சிகாவத்தைக் காபுரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவின் காபுரேட்டரையே திரும்பப் பூட்டுங்கள். செனித் ஒரே உடலை வெவ்வேறு வண்டிகளுக்கு வெவ்வேறு ஜெட்டோடு கொடுத்தது. வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஜெட்டின் தலையில் இலக்கம் பொறித்திருக்கும். இரண்டு காபுரேட்டரின் இலக்கங்களையும் ஒரு கடதாசியில் எழுதிவைத்த பிறகே கழற்றியதைப் பெட்டிக்குள் வையுங்கள்.